தவறவிட்ட அடிகளைக் கொண்டு திறனை அளப்பது எப்படி?

கரம் பலகையைச் சுற்றி நின்று பார்ப்பவர்கள் ஓர் ஆட்டக்காரரின் திறனை அவருடைய மிகச் சிறந்த ஆட்டத்தைக் கொண்டே பெரும்பாலும் மதிப்பிடுகிறார்கள். மட்டக்களப்பு மாவட்டத்தின் கல்லடியிலோ களுவாஞ்சிகுடியிலோ உள்ள ஒரு விளையாட்டுக் கழகத்தில் ஒருவர் தமது முதல் முறையிலேயே (அடி தவறும்வரை தொடர்ந்து அடிப்பதே ஒரு முறை) ஒன்பது காய்களையும் ராணியையும் போட்டு முடித்துவிட்டால், அந்த ஆட்டம் ஆண்டுக்கணக்கில் பேசப்படும். அதற்கு முன்னும் பின்னும் அவர் தவறவிட்ட நூற்றுக்கணக்கான அடிகளை எவரும் எழுதி வைப்பதில்லை. திறனை அளப்பதற்கு வேண்டிய தகவலோ அந்தத் தவறிய அடிகளிலேதான் இருக்கிறது. இதைத் தெளிவாகக் காட்டக்கூடிய விளையாட்டு ஒன்று உண்டு. அது, வெள்ளைப் பந்தைக் கோலால் அடித்து மற்றப் பந்துகளை மேசையோரக் குழிகளில் (பொக்கெட்டுகளில்) போடும் பொக்கெட் பில்லியர்ட்ஸ் வகைகளுள் ஒன்றாகிய 14.1 என்னும் ஆட்டம். நமது மாவட்டத்தில் அதற்குரிய மேசையைக் காண்பது அரிது என்றாலும், அதன் கணக்கு கரம் பலகைக்கும் பொருந்தும்.

14.1 ஆட்டத்தின் விதி எளிமையானது. மேசையில் வெள்ளைப் பந்தைத் தவிர 15 பந்துகள் இருக்கும். எந்தப் பந்தை எந்தப் பொக்கெட்டில் போடப்போகிறோம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டு அடிக்க வேண்டும். விழுந்த ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி. 14 பந்துகள் விழுந்து ஒன்று எஞ்சியதும், விழுந்த 14 பந்துகளையும் மீண்டும் முக்கோணமாக அடுக்கி வைப்பார்கள். ஆட்டக்காரர் எஞ்சிய பந்தைப் போட்டுக்கொண்டே அந்த அடுக்கையும் உடைத்துத் தமது தொடரை, அதாவது ஒரே முறையில் தவறாமல் போடும் பந்துகளின் எண்ணிக்கையை, நீட்டிச் செல்வார். ஆகவே ஒரு தொடருக்கு இயல்பான உச்சவரம்பு கிடையாது. 1954ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் வில்லி மொஸ்கோனி தொடர்ச்சியாக 526 பந்துகளைப் போட்டார். 2019இல் ஜோன் ஷ்மிட் 626 பந்துகளையும், 2022இல் ஸ்கொட்லாந்து வீரர் ஜேசன் ஷோ 714 பந்துகளையும் எட்டினார்கள்.

இந்த எண்கள் வியப்பூட்டுகின்றன. ஆனாலும் அளவுகோலாக அவை நம்பத்தக்கவை அல்ல. ஏன் என்பதை ஒரு சிறிய கணக்கு விளக்கும். ஒருவர் அடிக்கும் ஒவ்வோர் அடியும் வெற்றி பெறுவதற்கான நிகழ்தகவு 90 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பத்து அடிகளுக்கு ஒன்று தவறும்; அதாவது ஒரு தவறுக்குச் சராசரியாக 9 பந்துகள் விழும். அவருடைய தொடர்கள் எல்லாம் 9ஐச் சுற்றியே அமையும் என்று நாம் எதிர்பார்ப்போம். அப்படி அமைவதில்லை. பத்தில் ஒரு முறை அவர் ஒரு பந்தைக்கூடப் போடமாட்டார். தனித்தனியே எண்ணிப் பார்த்தால் மற்றெந்த நீளத்தையும்விட அதிக தடவை நிகழ்வது பூச்சியமே. பாதிக்கும் மேற்பட்ட முறைகளில் அவர் 7 பந்துகளை எட்டவும் மாட்டார். எப்போதாவது வரும் மிக நீண்ட தொடர்களே சராசரியை 9க்கு உயர்த்துகின்றன.

அந்த நீண்ட தொடர்தான் நம்மை ஏமாற்றுகிறது. இதே ஆட்டக்காரர் 100 முறை ஆடினால் அவற்றுள் ஏறத்தாழ ஒன்று 44 பந்துகளைத் தொடும். 1,000 முறை ஆடினால் ஒன்று 66ஐத் தொடும். அவருடைய திறன் இம்மியளவும் கூடவில்லை. ஆடிய தடவைகளே கூடின. எனவே இருவருடைய உச்சத் தொடர்களை ஒப்பிடும்போது, அவர்கள் எத்தனை முறை முயன்றார்கள் என்பதையும் நாம் அறியாமலே ஒப்பிடுகிறோம். மொஸ்கோனியின் 526ஐ எடுத்துக்கொண்டால், ஓர் அடிக்கு 98 சதவீத வெற்றியுள்ளவர் அதை எட்டுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 41,000 முறைகளில் ஒன்று. 99 சதவீத வெற்றியுள்ளவருக்கோ அது 200 முறைகளில் ஒன்று.

98க்கும் 99க்கும் இடையே உள்ள இந்தப் பெரிய இடைவெளியைக் கவனிக்க வேண்டும். பார்வையாளருக்கு இருவரும் ஒன்றாகவே தெரிவர். இருவருமே ஏறக்குறைய எல்லாப் பந்துகளையும் போடுகிறார்கள். ஆனால் ஒருவர் 49 பந்துகளுக்கு ஒரு முறையும் மற்றவர் 99 பந்துகளுக்கு ஒரு முறையும் தவறுகிறார்கள். வெற்றிகளைப் பார்த்தால் ஒரு சதவீத வேறுபாடு, தவறுகளைப் பார்த்தால் இரண்டு மடங்கு வேறுபாடு. ஆகவேதான் விழுந்த பந்துகளின் எண்ணிக்கையைத் தவறிய அடிகளின் எண்ணிக்கையால் வகுப்பது நல்ல அளவாகிறது. நூறில் எத்தனை என்று சொல்வதைவிட, ஒரு தவறுக்கு எத்தனை என்று சொல்வதே திறமையாளர்களைப் பிரித்துக் காட்டும்.

இந்தச் சிறு வேறுபாட்டுக்கு எவ்வளவு நுட்பம் வேண்டும் என்பதையும் சற்றுப் பார்க்கலாம். பந்தின் விட்டம் 57 மில்லிமீற்றர்; மூலைப் பொக்கெட்டின் வாய் ஏறத்தாழ 115 மில்லிமீற்றர். ஒரு மீற்றர் தொலைவிலுள்ள பொக்கெட்டுக்குள் பந்து ஓரத்தில் உரசாமல் விழ வேண்டுமானால், அதன் பாதை இருபுறமும் 29 மில்லிமீற்றருக்குமேல் விலகக்கூடாது. நேர்கோட்டு அடியில் இது தாராளமாகத் தோன்றும். ஆனால் வெள்ளைப் பந்து மற்றப் பந்தைத் தொடும் இடத்தில் இதே அளவு சுமார் 1.6 மில்லிமீற்றராகச் சுருங்கிவிடுகிறது. வெள்ளைப் பந்தும் ஒரு மீற்றர் தள்ளி நின்றால், பிழைக்கு எஞ்சுவது ஒரு பாகையின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தேர்ந்த ஆட்டக்காரர் இந்தக் கடினமான அடியை அடிக்கும் நிலைக்கே தம்மைக் கொண்டுபோவதில்லை. வெள்ளைப் பந்தை அடுத்த பந்துக்கு அருகில் நிறுத்திவிடுகிறார். நமது அளவு குறிபார்க்கும் திறனையும் இந்த முன்யோசனையையும் ஒன்றாகவே அளக்கிறது. அதை ஒரு குறையாக நான் கருதவில்லை.

நடைமுறையில் அளக்கும்போது முதலில் எழும் சிக்கல் உச்சவரம்பு. 14.1ஐ அடிப்படையாகக் கொண்டு அமைக்கப்பட்ட ஈக்குவல் ஒஃபென்ஸ் என்னும் தனியாள் தேர்வில் பத்து முறைகள் ஆட வேண்டும். ஒரு முறைக்கு அதிகபட்சம் 20 பந்துகள், மொத்தம் 200 புள்ளிகள். இதில் 90 சதவீத ஆட்டக்காரர் சராசரியாக 79 புள்ளிகளும், 95 சதவீத ஆட்டக்காரர் 122 புள்ளிகளும் பெறுவர். 98க்கு 163, 99க்கு 180. மேலே செல்லச் செல்ல எண்கள் நெருங்கி, இரண்டு மடங்கு திறமையாளர் வெறும் 17 புள்ளிகளே முன்னால் நிற்கிறார். கரம் பலகையில் இந்த வரம்பு இன்னும் இறுக்கமானது, ஏனெனில் ஒன்பது காய்களும் ராணியும் முடிந்தவுடன் ஆட்டமும் முடிந்துவிடுகிறது.

இதற்கான தீர்வு எளியது. மொத்தத்தை முறைகளால் வகுக்காமல் தவறுகளால் வகுத்தால், ஆட்டம் எங்கே நிறுத்தப்பட்டாலும் அளவு கெடாது. குறிப்பேட்டில் வெற்றிகளுக்கு ஒரு பத்தியும் தவறுகளுக்கு ஒரு பத்தியும் வைத்தால், தவறின்றி முடிந்த பலகையில் காய்கள் வெற்றிப் பத்தியில் கூட்டப்படும், தவறுப் பத்தியில் எதுவும் சேராது. எதிராளியைத் தடுப்பதற்காக வேண்டுமென்றே அடிக்கும் அடியை இரண்டு பத்தியிலும் சேர்க்கக்கூடாது. ஓரடியில் இரண்டு காய்கள் விழுந்தால் அதை ஒரு வெற்றியாகவே கொள்ள வேண்டும், ஏனெனில் நாம் எண்ணுவது அடிகளை.

எத்தனை அடிகள் போதும்? இந்த அளவில் உள்ள ஐயம், தவறுகளின் எண்ணிக்கைக்குரிய வர்க்கமூலத்தைப் பொறுத்துக் குறைகிறது. 25 தவறுகள் பதிவானால் ஐயம் 20 சதவீதம். 100 தவறுகள் பதிவானால் 10 சதவீதம். ஒரு தவறுக்கு 9 போடுபவரையும் 11 போடுபவரையும் ஓரளவு நம்பிக்கையோடு பிரித்தறிய இருவரும் தலா 200 தவறுகளையாவது செய்திருக்க வேண்டும். ஒரு மாலை நேரச் சுற்றுப்போட்டி இதற்குக் கிட்டவும் வராது. கிண்ணம் வென்றவரே சிறந்தவர் என்பது போட்டிக்குச் சரி, அளவீட்டுக்குச் சரியன்று.

அளக்கப்படும் காலமும் ஒன்றாக இருக்க வேண்டும். மட்டக்களப்பில் வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் காற்றின் ஈரப்பதன் மரப்பலகையில் ஏறி, பவுடர் கட்டிப்பட்டு, காய்கள் வழக்கமான தூரம் ஓடாமல் நின்றுவிடும். ஆவணியில் எடுத்த எண்ணையும் மார்கழியில் எடுத்த எண்ணையும் அருகருகே வைத்து ஒருவர் பின்தங்கிவிட்டார் என்று முடிவு செய்வது பலகையின் குற்றத்தை ஆளின்மேல் சுமத்துவதாகும்.

குறிப்பேட்டில் இரண்டு எண்களோடு தொடர் எங்கே அறுந்தது என்பதையும் எழுதிவைப்பது பயனுள்ளது. மேலே கண்ட கணக்கு எல்லா அடிகளும் சமமான கடினமுடையவை என்று கொள்கிறது, உண்மையில் அப்படியில்லை. முழு அடுக்கிலிருந்து தொடங்கும் 14.1 பயிற்சியில் ஒருவருடைய தொடர்கள் அளவுக்கு மீறி 14இல் முறிந்தால், அவர் அடுக்கை உடைக்கும் பந்தில் தவறுகிறார் என்று பொருள். கரத்தில் தொடர்கள் ஏழு, எட்டுக் காய்களில் முறிந்தால், எளிய காய்களை முதலில் தீர்த்துவிட்டு, பலகையோரம் ஒட்டிக்கிடக்கும் காய்களைக் கடைசிக்கு விட்டுவைக்கும் பழக்கம் அவரிடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.