கொலஸ்டேசிஸ்: அடைப்பா, தேக்கமா?

வயிற்றுச் சுவரில் பிளவோடு பிறந்த குழந்தைகளின் பெற்றோருக்கான துண்டறிக்கைகளைத் திருத்தித் தருவது என் வேலை. ஈரலில் சுரக்கும் பித்தநீர் ஓடாமல் நிற்கும் நிலையான ‘கொலஸ்டேசிஸ்’ வரும் இடத்தில் எல்லாம் மொழிபெயர்ப்பாளர்கள் ‘பித்த அடைப்பு’ என்று எழுதி அனுப்புகிறார்கள். நேற்றும் ஒன்று வந்தது. இனிப் பொறுக்க முடியாது.

சொல் கிரேக்கம். ‘கோலே’ என்றால் பித்தநீர், ‘ஸ்டாசிஸ்’ என்றால் நின்றுபோதல். இதில் அடைப்பு எங்கே இருக்கிறது? ‘தேக்கம்’ என்பதுதான் சரி.

அடைப்பு என்று கேட்ட தாய் அடுத்துக் கேட்பது, “எப்ப ஆபரேஷன்?” சரியான கேள்விதான், நாம் கொடுத்த சொல்தான் தப்பு. காஸ்ட்ரோஸ்கைசிஸ் என்ற இந்த வயிற்றுச் சுவர்ப் பிளவில் குடல் தொப்புளுக்குப் பக்கத்துத் துளை வழியே வெளியே வந்து, பனிக்குட நீரில் கிடந்து தடித்துப்போகிறது. உள்ளே வைத்து மூடிய பிறகும் பல நாள், சில சமயம் வாரக்கணக்கில், பால் ஏற்காது. அதுவரை சிரை வழியாகத்தான் ஊட்டம். குடலுக்குள் ஒன்றும் போகாததால் பித்தப்பை சுருங்க வேலையில்லை. சிரை வழி ஊட்டத்தில் சேரும், சோயா எண்ணெயில் செய்த கொழுப்புக் கரைசலில் உள்ள தாவர ஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருள்களும் கிருமித்தொற்றும் சேர்ந்து ஈரலைச் சோர்வாக்குகின்றன. குழாய் திறந்தேதான் இருக்கிறது, ஓட்டம்தான் இல்லை. பால் ஏறத் தொடங்கினால் பெரும்பாலும் மெல்லத் தெளியும்.

“அடைப்பாலும் கொலஸ்டேசிஸ் வருமே” என்பார்கள். வரும். அப்போது அடைப்பு காரணம், தேக்கம் அதன் விளைவு. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால், பிறவியிலேயே பித்தக்குழாய் அடைபட்ட குழந்தைக்கு எந்தச் சொல்லை மிச்சம் வைப்பது? அந்தக் குழந்தைக்குத்தான் குடலை ஈரலோடு இணைத்துப் பித்தநீருக்கு வழிசெய்யும் கசாய் அறுவை வேண்டும், அதுவும் பிறந்த 60 நாளுக்குள் செய்தால் பலன் கூடுதல். அங்கே அடைப்பு என்ற சொல் பதற வைக்கட்டும், பதற வேண்டிய இடம் அது.

‘தேக்கம்’ என்றாலும் அணைதானே நினைவுக்கு வரும் என்று ஒருவர் வாதிட்டார். பள்ளத்தில் மழைநீர் தேங்க அணை எதற்கு? ஓட்டம் இல்லாவிட்டால் நீர் தேங்கும், அவ்வளவுதான்.

ஆனால் ‘பித்தத் தேக்கம்’ வேண்டாம், ‘பித்தநீர்த் தேக்கம்’ என்றே எழுத வேண்டும். வெறும் பித்தம் என்றால் நம்மவருக்குத் தலைசுற்றலும் கிறுக்கும்தான் தோன்றும்.

வெறுமனே ‘மஞ்சள் காமாலை’ என்று விடுவதும் எனக்கு ஒப்பவில்லை. காமாலை வடமொழியிலிருந்து வந்தது என்பதற்காகச் சொல்லவில்லை. அது நம் வீட்டுச் சொல்லாகி எத்தனையோ காலமாயிற்று. பிறந்த முதல் வாரத்தில் பல குழந்தைகளுக்கு வரும் மஞ்சளுக்கும் அதே பெயர் என்பதுதான் சிக்கல். அது நீல விளக்கில் வைத்தால் இறங்கும். தேக்கத்தால் ஏறிய பிலிருபின் என்ற மஞ்சள் நிறமிக்கு அந்த விளக்கு பயன்படாது. பெயர் ஒன்றானால், “லைட்டுல வெச்சாச்சே, அப்புறம் ஏன் போகலை?” என்று வீட்டார் குழம்பத்தானே செய்வார்கள்?

நேற்றைய தாளில் அந்த வரியை அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: ‘குழந்தைக்குப் பித்தநீர் தேங்கியிருக்கிறது. குழாயில் அடைப்பு உண்டா என்று தனியாகப் பார்ப்போம். மலம் சுண்ணாம்பு போல வெளுத்தால் உடனே சொல்லுங்கள்.’