கிணற்றுப் படத்தில் வெள்ளை வட்டங்கள் எங்கிருந்து வருகின்றன?

"மழைக்குப் பிறகு எங்கள் பாறைக் கிணறு நன்றாகத் தெளிந்துவிட்டது. கேமராவை ஹவுசிங்கில் (தண்ணீர் புகாத உறை) போட்டு இறங்கி மீன்களைப் படமெடுத்தோம். ஃபிளாஷ் அடித்த படங்களில் மட்டும் எங்கு பார்த்தாலும் வெள்ளை வட்டங்கள். கிணற்றுக் கன்னிமார்தான் அது, இனி இறங்காதே என்கிறார் பாட்டி. எந்த ஸ்ட்ரோப் வாங்கினால் சரியாகும்?" குடியாத்தம் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஸ்ட்ரோப் என்பது தண்ணீருக்குள் பயன்படுத்தும் தனி ஃபிளாஷ். எதை வாங்கினாலும் கேமராவை ஒட்டியே வைத்தால் வட்டங்கள் வரத்தான் செய்யும். அவை மிதக்கும் மண்துகள்கள். வில்லைக்கு மிக அருகில் இருப்பதால் குவியாமல், ஒவ்வொரு துகளும் வட்டமாக விரிந்து பதிகிறது. இத்தகைய படங்களை 'ஆவி' என்று வாட்ஸ்அப்பில் பரப்புகிறார்கள். கன்னிமாரைக் கும்பிடுவது அவரவர் நம்பிக்கை. தூசியைக் காட்டிப் பிள்ளைகளைப் பயமுறுத்துவதை ஏற்க முடியாது.

தண்ணீர் சிவப்பை விழுங்கும் என்பது பள்ளிப் பாடம். சுத்தமான நீரே 1 மீட்டரில் சிவப்பொளியின் கால் பங்குக்கு மேல் எடுத்துக்கொள்ளும். நம் கிணறுகளில் பாசியும் மக்கிய இலைச்சாறும் நீலத்தையும் பிடித்துக்கொள்வதால் பச்சைதான் மிஞ்சுகிறது. ஆகவே வெள்ளை ஒளியை நாமே கொண்டுபோக வேண்டும். ஸ்ட்ரோப்பில் கேப்பாசிட்டர் சுமார் 300 வோல்ட்டில் ஆற்றலைச் சேர்த்துவைத்து, செனான் குழாய் வழியாக ஏறத்தாழ நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் கொட்டிவிடும். மீனின் வாலசைவுகூடக் கலங்காமல் பதியும். டார்ச் வெளிச்சத்தில் இது கிடைக்காது.

இனி வட்டங்களுக்கு வருவோம். ஓட்டு வீட்டுக் கூரைக் கண்ணாடி வழியே வெயில் இறங்கும்போது தூசி பறப்பது தெரிகிறதே, கவனித்திருப்பீர்கள். தூசி அறை முழுக்க இருக்கிறது; கண்ணுக்குப் படுவது கற்றைக்குள் இருப்பது மட்டும். கிணற்றுக்குள்ளும் இதே கதை. துகள்கள் ஒளியின் பெரும்பங்கை முன்னோக்கியே சிதறடிக்கும், கேமராப் பக்கம் திரும்புவது சிறு பங்கு. ஆனால் ஸ்ட்ரோப் வில்லைக்குப் பக்கத்திலேயே இருந்து, மீன் 1 மீட்டரிலும் துகள் 10 செ.மீ.யிலும் இருந்தால், தொலைவின் இருமடி விதிப்படி துகளுக்கு மீனைவிட 100 மடங்கு ஒளி கிடைக்கிறது. அந்தச் சிறு பங்கே படத்தைக் கெடுத்துவிடும்.

துகளை அகற்ற முடியாது. வில்லைக்கு முன்னுள்ள தண்ணீரில் ஒளி விழாமல் பார்த்துக்கொள்ள முடியும். நீரில் 100 பாகை விரியும் ஸ்ட்ரோப்பை ஆர்மில் (மூட்டுள்ள நீட்டுக்கை) மாட்டி வில்லைக்குப் பக்கவாட்டில் 45 செ.மீ. தள்ளி, நேர்முன்னே பார்க்க வையுங்கள். அதன் ஒளிக்கூம்பின் விளிம்பு வில்லையின் நேர்க்கோட்டை 38 செ.மீ. தொலைவில் வெட்டும். ஸ்ட்ரோப்பை மீனை நோக்கி 20 பாகை உள்ளே திருப்பினால் வெறும் 16 செ.மீ.யிலேயே வெட்டிவிடும்; எல்லோரும் செய்யும் தவறு இது. மாறாக 15 பாகை வெளியே திருப்புங்கள். இப்போது வெட்டும் இடம் 64 செ.மீ. அதுவரை உள்ள தண்ணீர் இருட்டாகவே கிடக்கும். அதற்குச் சற்று அப்பால் நிற்கும் மீனை ஒளியின் ஓரம் தொடும். மீனுக்கு எதிர்ப்பக்கம் ஸ்ட்ரோப்பைத் திருப்புவது புத்திக்கு ஒவ்வாததுபோல் தோன்றும், ஆனால் கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

இன்னொரு ஏமாற்று, ஒளிவிலகல். மாஸ்க் வழியே 1 மீட்டரில் உள்ள மீன் 75 செ.மீ.யில் இருப்பதாகத் தெரியும். தோன்றும் இடத்தைக் குறிவைத்தால் மீனுக்கு முன்னுள்ள தண்ணீருக்குத்தான் வெளிச்சம்.

ஸ்ட்ரோப் வாங்கும்போது விரிகோணம் காற்றிலா நீரிலா என்று கேளுங்கள். தட்டையான முகமுள்ளதில் காற்றில் 100 பாகை என்றால் நீரில் 70 தான். குமிழ் முகமுள்ளது அவ்வளவு குறுகாது. செனான் குழாய் வட்டமாக இருந்தால் ஒளியின் ஓரம் மெல்லத் தேயும், ஓரத்தை வைத்தே படமெடுக்கும் நமக்கு அது பெரிய வசதி. பெட்டியில் போட்டிருக்கும் கைடு நம்பரும் (ஃபிளாஷின் வலிமையைச் சொல்லும் எண்; மீட்டர் தொலைவால் வகுத்தால் வில்லைத் துளைக்கான எஃப் எண் கிடைக்கும்) பெரும்பாலும் தரைக்கானது, மூன்றால் வகுங்கள். 24 என்றால் நீரில் சுமார் 8. ஐஎஸ்ஓ 100-இல், 1 மீட்டருக்கு எஃப்/8, அரை மீட்டருக்கு எஃப்/16. கலங்கல் இருந்தால் இன்னும் குறையும். கேமராவையும் ஸ்ட்ரோப்பையும் இணைக்க, ஒளியால் தகவல் கடத்தும் ஃபைபர் கேபிள் நல்லது, ஹவுசிங்கில் துளை வேண்டாம்.

பேட்டரி நிக்கல் மெட்டல் ஹைட்ரைடாக இருக்கட்டும். சாதாரண ஆல்கலைனின் உள்மின்தடை அதிகம், கேப்பாசிட்டர் மெதுவாகத்தான் நிரம்பும், அடுத்த ஃபிளாஷுக்குக் காத்திருப்பதற்குள் மீன் போய்விடும். ஹவுசிங் மூடியின் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒரு தலைமுடி சிக்கினாலும் தண்ணீர் புகும். வெளிச்சத்தில் பார்த்து, சிலிகான் கிரீஸ் மெல்லப் பூசி மூடுங்கள். வேலூர் வெயிலில், புழுக்கமான மதியத்தில் மூடிய ஹவுசிங், குளிர்ந்த கிணற்றில் இறங்கியதும் உள்ளே பனித்துக்கொள்ளும். விடியற்காலையில் மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று உள்ளே போடுங்கள்.

மோட்டார் உள்ள கிணறென்றால் மெயினையே அணைத்துவிட்டு இறங்குங்கள். தனியாக வேண்டாம். தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த கிணறுகளில் இறங்கவே வேண்டாம்.

கேரளக் கிணறுகளில் கண்ணில்லாத கெளுத்தி வாழ்வது 1950-லேயே விவரிக்கப்பட்டுவிட்டது. வட ஆற்காட்டுப் பாறைக் கிணறுகளையும் அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். ஒவ்வொரு அரசுக் கல்லூரி விலங்கியல் துறைக்கும் ஒரு ஹவுசிங், இரண்டு ஸ்ட்ரோப் வாங்கித் தருவது ஆராய்ச்சி நிதியில் பெரிய தொகையல்ல.

இறங்கும் முன் வீட்டிலேயே சோதிக்கலாம். இருட்டறையில் சாம்பிராணி போட்டு, புகை பரவியதும் ஸ்ட்ரோப்பைக் குறைந்த திறனில் வைத்து ஒரு படம் எடுங்கள். புகை வெளுப்பாக வந்தால் ஒளி வில்லைக்கு முன்னே விழுகிறது. புகை மறைந்து எதிர்ச்சுவர் மட்டும் தெரியும்வரை ஆர்மை வெளியே திருப்பி, அதன் மூட்டு அசையாதபடி இறுக்கிவிடுங்கள்.