வங்கி முடங்கினால் 5 லட்சம் ரூபாய்: வைப்புத்தொகைக் காப்பீடு எப்படிக் கணக்கிடப்படுகிறது?

வங்கியில் ஒருவர் பணம் போட்டதும், கணக்கியல் நோக்கில் அது வங்கியின் பொறுப்பாகிறது. போட்டவர் வங்கிக்குக் கடன் கொடுத்தவர் ஆகிறார். அவருடைய ஏட்டில் பற்று இருப்பாக (அவருக்கு வர வேண்டியதாக) நிற்கும் தொகை பாஸ்புக்கில் வரவு இருப்பாக (வங்கி தர வேண்டியதாக) தெரிவது இதனால்தான். கடன் வாங்கிய வங்கியே நொடித்துப்போனால் என்ன ஆகும் என்ற கேள்வி, 1960-இல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி வீழ்ந்தபோது நாடெங்கும் எழுந்தது. அதைத் தொடர்ந்து 1961-இல் சட்டம் இயற்றப்பட்டு, 1962 ஜனவரி 1 முதல் வைப்புத்தொகைக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. அன்று 1,500 ரூபாயாக இருந்த வரம்பு, 1993 முதல் 1 லட்சமாகவும், 2020 பிப்ரவரி 4 முதல் 5 லட்சமாகவும் உயர்ந்தது.

ரிசர்வ் வங்கிக்கு முழு உரிமையான வைப்புத்தொகைக் காப்பீடு மற்றும் கடன் உத்தரவாதக் கழகம் இதை நடத்துகிறது. பிரீமியத்தை வங்கியே செலுத்த வேண்டும். வாடிக்கையாளர் விண்ணப்பிக்கவோ பணம் கட்டவோ தேவையில்லை. வணிக வங்கிகள், வட்டார ஊரக வங்கிகள், சிறு நிதி வங்கிகள், பேமென்ட் வங்கிகள், கூட்டுறவு வங்கிகள் ஆகியவை இதற்குள் வருகின்றன. தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்களும் வங்கி அல்லாத நிதி நிறுவனங்களும் வருவதில்லை. பெயர்ப்பலகையில் உள்ள ‘கூட்டுறவு’ என்ற சொல்லை மட்டும் நம்பி இதை முடிவுசெய்யக் கூடாது.

பலரும் தடுமாறும் இடம் வரம்பைக் கணக்கிடும் முறைதான். 5 லட்சம் என்பது ஒவ்வொரு கணக்குக்கும் உரியதன்று. ஒரே வங்கியில், ஒரே உரிமையிலும் தகுதியிலும் ஒருவர் வைத்திருக்கும் சேமிப்பு, நடப்பு, நிரந்தர வைப்பு, தொடர் வைப்பு அனைத்தையும், எத்தனை கிளைகளில் இருந்தாலும், அசலும் வட்டியுமாகக் கூட்டிய மொத்தத்துக்கு உரியது. 4,80,000 ரூபாய் அசலுடன் 35,000 ரூபாய் வட்டி சேர்ந்திருந்தால், 5,15,000-இல் 15,000 காப்பீட்டுக்கு வெளியே நிற்கும். அவர் அதே வங்கிக்குத் திருப்ப வேண்டிய கடன் இருந்தால், அதையும் வங்கி கழித்துக்கொள்ளலாம். வேறு வங்கியில் உள்ள பணத்துக்குத் தனி வரம்பு உண்டு.

‘தகுதி’ மாறினாலும் வரம்பு தனியாகிறது. கூட்டாண்மை நிறுவனத்தின் கூட்டாளியாகவோ, மைனர் பிள்ளையின் காப்பாளராகவோ ஒருவர் வைத்திருக்கும் வைப்பு அவருடைய சொந்தக் கணக்கோடு சேராது. கூட்டுக் கணக்கில் பெயர்களின் வரிசை மாறினால்கூடத் தனித்தனியாகவே பார்க்கப்படும். ஆனால் தனிவணிகர் இங்கே கவனமாக இருக்க வேண்டும். உரிமையாளர் வேறு, வணிகம் வேறு என்ற வணிகத் தனித்தன்மை அனுமானத்தைக் கணக்கியலின் முதல் பாடத்திலேயே படிக்கிறோம். காப்பீட்டு விதியோ அவருடைய சொந்தக் கணக்கையும் கடைக் கணக்கையும் ஒன்றாகக் கூட்டுகிறது. ஏடு பிரித்துக் காட்டுவதைச் சட்டமும் பிரித்துப் பார்க்கும் என்று எண்ணிவிடுவது எளிது.

முன்பெல்லாம் வங்கியின் உரிமம் ரத்தாகி, கலைப்பாளர் (மூடப்படும் வங்கியின் சொத்துகளை விற்றுக் கடன்களைத் தீர்க்க நியமிக்கப்படுபவர்) வைப்பாளர் பட்டியலைத் தரும்வரை வைப்பாளர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2021-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பணம் எடுப்பதை ரிசர்வ் வங்கி கட்டுப்படுத்திய 90 நாட்களுக்குள் இடைக்காலமாகவே காப்பீட்டுத் தொகை வழங்கப்பட வேண்டும்: முதல் 45 நாட்களில் வங்கி பட்டியலைத் தர வேண்டும், அடுத்த 45 நாட்களில் கழகம் சரிபார்த்துப் பணம் வழங்க வேண்டும். இதற்காக வைப்பாளர் தம் விருப்பத்தையும், அடையாளச் சான்றையும், பணம் வந்து சேர வேண்டிய மாற்றுக் கணக்கின் விவரத்தையும் வங்கியிடம் எழுத்தில் அளிக்க வேண்டும்.

வரம்புக்கு மேற்பட்ட தொகையின் மீதான உரிமை அழிந்துவிடுவதில்லை. வங்கி கலைக்கப்பட்டால், அதன் சொத்துகளை விற்று வரும் பணத்திலிருந்து கலைப்பாளர் பிரித்தளிக்கும் பங்கை வைப்பாளர் கோரலாம். ஆனால் அந்தப் பங்கு எவ்வளவு, எப்போது கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.