போதை இறங்கிய பின்னும் இறங்காத ஏக்கம்

ஹெராயினை நிறுத்தியவருக்கு முதலில் உடல்தான் தவிக்கும். வியர்வை, உடல்வலி, வயிற்றுப்போக்கு, தூக்கமில்லாத இரவுகள். இவற்றில் பெரும்பகுதி ஓரிரு வாரங்களில் அடங்கிவிடும். ஆனால் ஆறு மாதம் தொடாமல் இருந்தவர், பழைய கூட்டாளியைப் பார்த்த மாத்திரத்தில் மறுபடி தடுமாறுகிறார். உடம்பில் ஹெராயினும் இல்லை, நடுக்கமும் இல்லை. அப்புறம் எது இழுக்கிறது?

அவருடைய மூளை கற்றுக்கொண்ட பாடம்தான். நடுமூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களைக் குரங்குகளில் ஆராய்ந்தவர் வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது அந்தச் செல்கள் துடித்தன. சாறுக்கு முன்னால் வழக்கமாக ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு பழகியதும், விளக்குக்கே துடித்தன; சாறுக்கு அமைதியாகிவிட்டன. அதாவது டோபமைன் சொல்லும் சேதி, ‘நினைத்ததைவிட நன்றாக இருக்கிறது, இதைக் குறித்துக்கொள்’ என்பது. சாப்பாடு பழகிவிட்டால் இந்தச் சேதி ஓய்ந்துவிடும். கோகெயின் அப்படி ஓயவிடுவதில்லை. வெளியான டோபமைனைச் செல்கள் திரும்ப உறிஞ்சும் வழியையே அது அடைத்துவிடுவதால், ஒவ்வொரு முறையும் அளவு எகிறுகிறது. அந்த நேரத்தில் கூட இருந்த இடம், முகம், வாசனை எல்லாம் அந்த விளக்கைப் போல ஆகிவிடுகின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விரும்பித் தேடுவதும் சுவைத்து மகிழ்வதும் மூளையில் ஒன்றல்ல. டோபமைன் அழிக்கப்பட்ட எலிகள் தாமாக உணவைத் தேடிப் போகவில்லை; ஆனால் வாயில் இனிப்பு வைத்தால் உதட்டை நக்கி ரசித்தன. மூளை ஆய்வாளர் கென்ட் பெரிட்ஜ் காட்டிய வேறுபாடு இது. போதையில் தேடல் வளர்ந்துகொண்டே போகிறது, இன்பம் தேய்கிறது. “அதில் ஒரு சுகமும் இல்லை, ஆனாலும் விட முடியவில்லை” என்று ஒருவர் சொன்னால், தயவுசெய்து நம்புங்கள். அது சாக்குப்போக்கு அல்ல.

இடம் மாறினால் என்ன ஆகும்? வியட்நாமில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கப் படைவீரர்களை ஆய்வாளர் லீ ராபின்ஸ் தொடர்ந்து கவனித்தார். ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் அவர்களில் சுமார் 5% மட்டுமே. இடமாற்றம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது என்றாலும், பழைய தூண்டுதல்கள் விலகியது பெரிய உதவி.

மெத்தடோன், புப்ரெனார்ஃபின் போன்ற மருந்துகள் ஹெராயின் ஏக்கத்தைத் தணிக்கின்றன. நால்ட்ரெக்ஸோன், மதுவும் ஹெராயினும் தரும் இன்பத்தை மழுங்கடிக்கிறது. கோகெயினுக்கு இப்படி நிலைபெற்ற மருந்து இல்லை; அங்கே சிறுநீர்ச் சோதனையில் தேறும்போதெல்லாம் சிறு பரிசு கொடுக்கும் முறைதான் நன்றாகக் கைகொடுக்கிறது.

எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது, 2012இல் சீன ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை. ஒரு நினைவு கிளறப்பட்டதும் சிறிது நேரம் இளகிய நிலையில் இருக்கிறது. ஹெராயினிலிருந்து மீண்டுவந்தவர்களுக்கு அதை நினைவூட்டும் காட்சியைச் சற்று நேரம் காட்டி, 10 நிமிடம் கழித்து அதே மாதிரிக் காட்சிகளைப் போதை எதுவும் இல்லாமல் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். ஏக்கம் குறைந்தது, 6 மாதம் கழித்தும் குறைந்தே இருந்தது. 6 மணி நேரம் இடைவெளி விட்டவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதற்குள் நினைவு மறுபடி இறுகிவிடுகிறது.