குட்ஸு: அனிமே கடையில் விற்பதற்குத் தமிழில் என்ன பெயர்?

குட்ஸு: பெயர்ச்சொல், ஜப்பானியம். ஓர் அனிமே (ஜப்பானிய அசைபடம்), மங்கா (ஜப்பானியப் படக்கதை), வீடியோ கேம் அல்லது பாடகர் குழுவின் உருவமோ சின்னமோ தாங்கி, அதன் ரசிகர்களுக்கென்றே விற்பனைக்கு வரும் பொருள். சாவிக்கொத்திலிருந்து தலையணை உறை வரை எதுவும் இதில் அடங்கும். மங்காப் புத்தகம் மட்டும் அடங்காது. அது மூலம்; குட்ஸு அதன் கிளை.

ஜப்பானின் கியோட்டோ நகரில் தெராமாச்சி, ஷின்க்யோகோகு என்று ஒட்டினாற்போல் ஓடும் இரண்டு கூரையிட்ட கடைவீதிகளில் நடந்தால் இந்தச் சொல் கண்ணில் படாமல் போகாது. உச்சரிப்பில் ஓர் எச்சரிக்கை. முதல் எழுத்து ‘குரு’வில் வரும் கு, ‘குடை’யில் வரும் கு அல்ல. ‘குட்ஸு’வை அழுத்தமில்லாமல் ‘குத்ஸு’ என்று சொன்னால் ஜப்பானியர் காதில் காலணி என்று விழும்.

சொல்லின் ஊர் இங்கிலாந்து. ‘நல்லது’ என்ற பொருளுள்ள சொல், பன்மையில் உடைமை, விற்பனைப் பொருள் என்று விரிந்த பிறகு உலகமெல்லாம் போனது. நம்மிடமும் வந்திருக்கிறது: கூட்ஸ் வண்டி. நமக்கு அது நிலக்கரியும் நெல்மூட்டையும் ஏற்றிக்கொண்டு, நம் ரயிலைச் சிக்னலில் காக்கவைத்துவிட்டுப் போகும் வண்டி. ஜப்பானியர் அதே சொல்லை எடுத்துச் சுருக்கிச் சுருக்கி உள்ளங்கை அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆங்கிலம் பேசும் ரசிகர்கள் இதற்கு ‘மெர்ச்’ என்பார்கள். கொரிய ரசிகர்களோ ஜப்பானியரைப் போலவே ‘குட்ஜு’ என்கிறார்கள். நம் ஊர் கே-பாப் பிள்ளைகள் வாயில் இரண்டும் புழங்குகின்றன.

பொருளுக்கு வரலாறு உண்டு, அதில் கியோட்டோவுக்கும் பங்கு உண்டு. 1889-இல் இந்த நகரில் ஹனாஃபுதா என்னும் பூச்சீட்டு செய்யத் தொடங்கிய கடைதான் இன்றைய வீடியோ கேம் நிறுவனமான நின்டெண்டோ. 1959-இல் அது டிஸ்னியோடு ஒப்பந்தம் போட்டு மிக்கி மவுஸ் கூட்டத்தைச் சீட்டில் அச்சடித்தது. பெரியவர்களின் சூதாட்டப் பொருளாக இருந்த சீட்டுக்கட்டு குழந்தைகள் உள்ள வீட்டுக்குள் நுழைந்தது. விளையாட்டு அதேதான், மாறியது சீட்டில் இருந்த படம். குட்ஸு என்பதன் சூட்சுமமே இதுதான்.

அடுத்த திருப்பம் 1963. மங்கா ஓவியர் தெஸுகா ஒசாமுவின் ‘அஸ்ட்ரோ பாய்’ வாரத் தொடராகத் தொலைக்காட்சிக்கு வந்தது. நிலையம் கொடுத்த பணம் தயாரிப்புச் செலவுக்குப் போதவில்லை. பள்ளத்தை நிரப்பியவற்றில் முக்கியமானது பாத்திரத்தின் உருவத்தைப் பொருள்களில் போட்டுக்கொள்ள விற்ற உரிமை. மெய்ஜி நிறுவனம் தன் மார்பிள் சாக்லேட்டோடு அந்த ரோபோச் சிறுவனின் ஸ்டிக்கரைக் கொடுக்க, பிள்ளைகள் ஸ்டிக்கருக்காகவே சாக்லேட் வாங்கினார்கள். அனிமே காட்டி நட்டப்படு, பொம்மை விற்று ஈடுகட்டு என்ற கணக்கு அப்போது வேர்விட்டது, இன்றும் பெயர்க்கப்படவில்லை.

இந்த வீதிகளுக்கு வருவோம். தெராமாச்சி என்றால் கோயில் வீதி. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷி நகரத்துப் பௌத்தக் கோயில்களை இங்கே வரிசையாகக் குடியேற்றினார். ஷின்க்யோகோகு, அந்தக் கோயில்களின் வளாக நிலத்தில் 1872-இல் போடப்பட்ட தெரு. இன்றும் கடைகளுக்கு நடுவே திடீரென்று ஒரு கோயில் வாசல் திறக்கும். அங்கே தாயத்து போன்ற காப்புப் பை வாங்கினால் அது குட்ஸு அல்ல, ‘ஜுயோஹின்’, அதாவது அருளிக் கொடுத்த பொருள். ஜப்பானின் பழைய மதமான ஷிண்டோவின் ஆலயமாக இருந்தால் கொடுக்கும் பணத்துக்கும் விலை என்று பெயரில்லை. ‘ஹத்ஸுஹோர்யோ’, முதற்கதிர்க் காணிக்கை. பத்தடி தள்ளி அனிமே கடையில் ஏறத்தாழ அதே அளவுத் துணிப்பை, அதே போன்ற கயிறு. ஆனால் பெயர் வேறு. சொல்தான் தரத்தைப் பிரிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

கடைக்குள் போனால் ‘குட்ஸு’வின் குஞ்சு குளுவான்கள் நிறைய. ‘அகுஸுதா’ என்பது அக்ரிலிக் ஸ்டாண்டின் சுருக்கம்: கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டில் அச்சிட்ட உருவம், அடியில் ஒரு நாக்கு, அதைச் செருக ஒரு துளையிட்ட வட்டம். தகரத்தில் செய்த வட்டப் பட்டைக்குப் பெயர் ‘கன்பஜ்ஜி’. ‘கன்’ தகரம், ‘பஜ்ஜி’ ஆங்கில பேட்ஜ். வாழைக்காய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கன்பஜ்ஜியைப் பெரும்பாலும் உள்ளே இருப்பது தெரியாத உறையில்தான் விற்பார்கள். பிடித்த முகம் வரும்வரை வாங்கு என்பது ஏற்பாடு. ஐந்து உறை பிரித்து ஐந்திலும் ஒரே வில்லன் சிரித்தால், மாற்றிக்கொள்ள ஆள் தேட வேண்டியதுதான். இந்த வியாபார முறை எனக்கு உவப்பானதல்ல.

பழைய பொருள் வாங்குபவர் படிக்க வேண்டியது விலையை அல்ல, அதன் பக்கத்தில் இருக்கும் சின்ன எழுத்தை. 2023 அக்டோபரில் கியோட்டோவின் ஷிஜோ வீதியில் தகாஷிமாயா பல்பொருள் அங்காடியின் வளாகம் விரிவானபோது நின்டெண்டோ கடையோடு பழைய மங்கா, பொம்மைகளுக்குப் பேர்போன மந்தராகேவும் அங்கே வந்தது. இதுபோன்ற கடைகளில் ‘மிகாய்ஃபூ’ என்றிருந்தால் சீல் பிரிக்காதது. ‘ஹாகோ இதாமி’ என்றால் பெட்டி அடிபட்டிருக்கிறது, உள்ளே நலம். ‘நன் ஆரி’ என்றால் குறை உண்டு. என்ன குறை என்றும் சில இடங்களில் எழுதியிருப்பார்கள். காதில் கீறல், வாளைக் காணோம் என்ற அளவுக்கு.

இனி தமிழ். ‘வணிகப்பொருள்’ என்று அகராதி கை காட்டும். சிமென்ட் மூட்டையும் வணிகப்பொருள்தான். ‘சரக்கு’ கடைக்காரர் வாயில் பொருந்தும். ஆனால் “நேற்று நருட்டோ சரக்கு வாங்கினேன்” என்று பேருந்தில் சொல்லிப் பாருங்கள், பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்ப்பார். ‘பண்டம்’ என்றதும் முறுக்கு நினைவுக்கு வருகிறது. ‘பாத்திரப் பொருள்’ என்று ஒருவர் எழுதினால் எவர்சில்வர் கடைதான் தோன்றுகிறது.

‘நினைவுப் பொருள்’ பலர் எழுதுவது, கேட்க இனிமையானது, ஆனால் பிழை. நினைவுப் பொருள் போன ஊரைச் சொல்லும். குட்ஸு வாங்கியவரின் பிரியத்தைச் சொல்லும். ஊரிலிருந்து மற்றவர்களுக்கு வாங்கிப்போவதற்கு ஜப்பானியர் ‘ஒமியாகே’ என்று தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். கியோட்டோவின் யாத்ஸுஹாஷி இனிப்பு ஒமியாகே, அலுவலகத்துக்குப் போய்ச் சேரும். கன்பஜ்ஜி தன் அலமாரிக்கு. இரண்டும் சேரும் இடமும் உண்டு: ‘கியோட்டோ கென்தெய்’, இங்கே மட்டும் கிடைப்பது. அதற்கு விலை சற்றுத் தூக்கல்தான்.

என் வாக்கு ‘ரசிகர் பொருள்’ என்பதற்கு. பேனா பேனாதான், அதைக் குட்ஸு ஆக்குவது வாங்குகிறவரின் மனம். ரசிகர் மன்றம், ரசிகர் காட்சி என்று பழகிய காதுக்கு இது உறுத்தாது. ரசிகர் வடசொல் ஆயிற்றே என்பவர்கள் ‘சுவைஞர் பொருள்’ எனலாம். எனக்கு அது கவியரங்க வாடை அடிக்கிறது. உண்மையான சிக்கல் வேறு: ரசிகர் பொருள் என்றால் ரசிகர் செய்த பொருள் என்றும் படிக்கலாம். ரசிகர்களே வரைந்து விற்பதற்கு ஜப்பானில் ‘தோஜின் குட்ஸு’ என்று பெயர்; அதை ‘ரசிகர் ஆக்கம்’ என்று பிரித்துவிட்டால் குழப்பம் தீரும். அனுமதியோடு வருவதை ‘உரிமம் பெற்ற ரசிகர் பொருள்’ என்று ஒப்பந்தத்தில் எழுதலாம், பேச்சில் வேண்டாம்.

கூடவே தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று ‘புப்பன்’. ‘பொருள்’, ‘விற்பனை’ என்ற இரண்டு எழுத்துகளின் கூட்டு; விழாக்களிலும் கச்சேரிகளிலும் குட்ஸு விற்கும் இடத்தையும் அந்த விற்பனையையும் குறிக்கும். தமிழில் ‘பொருள் விற்பனை’ என்று அப்படியே போடலாம். 2012 முதல் கியோட்டோவில் நடக்கும் மங்கா–அனிமே கண்காட்சியில் வரிசையில் நிற்பவரிடம் புப்பன் எங்கே என்று கேட்டால் வரிசையின் வாலைக் காட்டுவார். குட்ஸு எங்கே என்று கேட்டால், ஐம்பது கன்பஜ்ஜி குத்திய தன் பையைக் காட்டினாலும் காட்டுவார்.