தறிச் சத்தத்தையும் மலை வளைவையும் தாண்டி: மெசேஜ் டோன் வேலை செய்யும் விதம்

சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு விசைத்தறிப் பட்டறை. உள்ளே ஐந்து பேர், ஐவரிடமும் ஆண்ட்ராய்ட் போன். தறி நிற்கும் சாப்பாட்டு வேளையில் எங்கோ ஒரு ‘டிங்’ கேட்கிறது. ஐவர் கையும் பைக்குப் போகிறது. போன் வாங்கியபோது எந்த டோன் இருந்ததோ அதையே எல்லோரும் வைத்திருப்பதுதான் காரணம். தறி ஓட ஆரம்பித்த பிறகு வரும் மெசேஜ் ஒருவர் காதிலும் விழுவதில்லை. இதில் இருப்பவை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். யாருடைய மெசேஜ் என்று போனை எடுக்காமலே தெரிய வேண்டும் என்பது ஒன்று. அந்த ஒலி காதுவரை வந்து சேர வேண்டும் என்பது இன்னொன்று. முதலாவது போனின் மென்பொருளைச் சேர்ந்தது, இரண்டாவது இயற்பியலையும் காதையும் சேர்ந்தது.

எஸ்எம்எஸ் ஒன்று வந்ததும் அதை முதலில் வாங்குவது போனின் மோடம், அதாவது சிக்னலை வாங்கும் சில்லு. அங்கிருந்து ஆண்ட்ராய்டின் தொலைபேசிப் பகுதிக்குப் போய், பிறகு ‘இயல்பு எஸ்எம்எஸ் ஆப்’ என்று நாம் தேர்ந்து வைத்திருக்கும் ஒரே ஒரு ஆப்பின் கைக்குப் போகிறது. 2013-ல் வந்த ஆண்ட்ராய்ட் 4.4 முதல் இதுதான் ஏற்பாடு. பலருடைய குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. அழைப்பவர் பெயரைக் காட்டும் ஆப் ஒன்றை நிறுவும்போது அது கேட்ட கேள்விக்கெல்லாம் ‘சரி’ கொடுத்திருப்பார்கள். எஸ்எம்எஸ் பொறுப்பு அந்த ஆப்புக்குப் போயிருக்கும். பழைய மெசேஜ் ஆப்பில் எத்தனை முறை டோன் மாற்றினாலும் பயன் இருக்காது. எனவே முதல் வேலை: செட்டிங்ஸில் ‘ஆப்ஸ்’, அதில் ‘இயல்பு ஆப்ஸ்’, அதில் ‘எஸ்எம்எஸ் ஆப்’ என்று போய், இப்போது பொறுப்பில் இருப்பது எது என்று பாருங்கள்.

மெசேஜை வாங்கிய ஆப் தானாக ஒலி எழுப்புவதில்லை. ஆப் தன் அறிவிப்புகளை வகை வகையாகப் பிரித்து வைக்கும், அந்த வகைக்குப் பெயர் சேனல். ‘இந்தச் சேனலில் ஓர் அறிவிப்பு’ என்று சிஸ்டத்திடம் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. ஒலிக்கலாமா, எந்த ஒலி, அதிர்வு உண்டா என்பதையெல்லாம் சிஸ்டம் அந்தச் சேனலின் குறிப்பைப் பார்த்து முடிவு செய்கிறது. 2017-ல் ஆண்ட்ராய்ட் 8 கொண்டுவந்த இந்தச் சேனல் முறை, பயனருக்குக் கிடைத்த பெரிய உரிமை என்றே சொல்ல வேண்டும். ஒரு சேனலை ஆப் ஒருமுறை உருவாக்கிய பிறகு அதன் ஒலியை அந்த ஆப்பால் மாற்றவே முடியாது. மாற்றும் அதிகாரம் போன் வைத்திருப்பவருக்கு மட்டுமே. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. ஒலியை மாற்ற நினைக்கும் ஆப் தயாரிப்பாளர், பழைய சேனலை விட்டுவிட்டு வேறு அடையாளத்தில் புதிய சேனல் ஒன்றைத் தொடங்கிவிடலாம். ‘அப்டேட் வந்ததும் என் டோன் போய்விட்டது’ என்கிற புகார்கள் சில இப்படி வருபவைதான். புதிய சேனலைத் தேடிப் பிடித்து மறுபடி வைக்க வேண்டும்.

எல்லா மெசேஜுக்கும் ஒரே புது டோன் போதும் என்றால், மெசேஜ் ஆப்பின் ஐகானை அழுத்திப் பிடித்து, வரும் ‘ஐ’ குறியைத் தொட்டு, ‘அறிவிப்புகள்’ பகுதிக்குப் போங்கள். அங்கே தெரியும் வகைகள்தான் சேனல்கள். ‘உள்வரும் மெசேஜ்கள்’ என்ற பொருளில் இருக்கும் வகையின் பெயரையே தொட வேண்டும். பக்கத்தில் இருக்கும் பொத்தானைத் தொட்டால் அறிவிப்பே அணைந்துவிடும். உள்ளே ‘ஒலி’ என்பதில் டோனைத் தேர்ந்தால் முடிந்தது. சாம்சங் போன்களில், அந்த நிறுவனத்தின் மென்பொருளான ஒன் யூஐயின் 6.1 பதிப்பு முதல் இந்த வகைகள் கண்ணுக்கே தெரியாமல் மறைந்திருக்கும். செட்டிங்ஸில் ‘அறிவிப்புகள்’, அதில் ‘மேம்பட்ட அமைப்புகள்’ என்று போய், ஒவ்வோர் ஆப்புக்கும் அறிவிப்பு வகைகளை நிர்வகிக்கும் பொத்தானை முதலில் போட்டுவிட்டு வாருங்கள்.

ஒருவருக்கு மட்டும் தனி டோன் வைக்க ஆண்ட்ராய்ட் 11 முதல் நேர்வழி உண்டு. கூகுள் மெசேஜஸில் அவருடைய உரையாடலைத் திறந்து, மேலே வலது மூலையில் உள்ள மூன்று புள்ளியில் ‘விவரங்கள்’, பிறகு ‘அறிவிப்புகள்’, பிறகு ‘ஒலி’. உள்ளே நடப்பது என்னவென்றால், பொதுச் சேனலிலிருந்து அவருக்கென்று ஒரு கிளைச் சேனல் பிரிகிறது. பிறந்த நேரத்தில் தாய்ச் சேனலின் குணங்களை அப்படியே வாங்கிக்கொள்ளும். அதில் நீங்கள் கை வைத்த பிறகு தாய்ச் சேனலை மாற்றினாலும் அது மாறாது. அதே பக்கத்தில் ‘முன்னுரிமை’ என்று குறித்துவிட்டால், ‘தொந்தரவு செய்ய வேண்டாம்’ போட்டிருக்கும் நேரத்திலும் அவருடைய மெசேஜ் ஒலிக்க வழி செய்யலாம். இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குபவர்களுக்கு இது மிகவும் உதவும்.

வங்கி மெசேஜுக்குத் தனி டோன் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் நிறுவனங்கள் அனுப்பும் எஸ்எம்எஸ்ஸில், நிறுவனத்தின் அடையாளப் பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்து ஒட்டியிருக்கும். முதல் எழுத்து எந்தத் தொலைபேசி நிறுவனம் வழியாகப் புறப்பட்டது என்பதையும், இரண்டாவது எந்த வட்டாரம் என்பதையும் குறிக்கும். 2025-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் விதிகளைத் திருத்திய பிறகு, விளம்பரமா, சேவையா, பரிவர்த்தனையா, அரசு அறிவிப்பா என்று காட்டும் ஓர் எழுத்து வாலிலும் சேர்ந்திருக்கிறது. ஒரே வங்கி இன்று ஒரு வழியிலும் நாளை வேறு வழியிலும் அனுப்பினால் முன்னால் ஒட்டியிருக்கும் எழுத்து மாறும். போனின் கண்ணுக்கு அது வேறு அனுப்புநர், வேறு உரையாடல். டோன் வைத்தது ஒன்றுக்கு, மெசேஜ் வந்தது இன்னொன்றில். வங்கியின் பெயரில் எத்தனை உரையாடல்கள் பட்டியலில் இருக்கின்றனவோ அத்தனைக்கும் அதே டோனை வைப்பதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை.

இனி சொந்த ஒலி. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசின் சிணுங்கலோ, குழந்தையின் ‘தாத்தா’ என்ற அழைப்போ, எதை வேண்டுமானாலும் போனிலேயே பதியலாம். பதிந்ததை அப்படியே வைத்துவிடாதீர்கள். பொத்தானை அழுத்தியதற்கும் ஒலி தொடங்கியதற்கும் இடையில் அரை நொடியாவது மௌனம் இருக்கும். அதை வெட்டுங்கள். மொத்த நீளம் 1 முதல் 2 நொடி போதும். ஒலியின் நடுவில் சட்டென்று வெட்டினால் கடைசியில் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும், ஆகவே முடிவில் ஒலி தேய்ந்து அடங்கும்படி விடுங்கள். ஸ்டீரியோ வேண்டியதில்லை. ஒலியை நொடிக்கு 48,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 2 பைட்டில் பதியும் கணக்கில் ஒன்றரை நொடி மோனோ (ஒற்றைத் தட) ஒலி 1,44,000 பைட்தான். சுருக்காமல் வேவ் கோப்பாகவே வைத்துக்கொள்ளலாம். முழுப் பாட்டை டோனாக வைப்பவர்களும் உண்டு. அறிவிப்புத் திரையை இழுக்கும்வரை அது பாடிக்கொண்டே இருக்கும்.

கோப்பைப் போனின் உள் நினைவகத்தில் ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ என்று ஆங்கிலத்தில் பெயரிட்ட ஃபோல்டருக்குள் போடுங்கள். ஒரு கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் ஆண்ட்ராய்டின் மீடியா ஸ்கேனர் (போனில் உள்ள ஒலி, படங்களைத் தேடிப் பட்டியலிடும் பகுதி) அதை ரிங்டோன், அலாரம், அறிவிப்பு என்று பிரிக்கிறது. போட்டும் பட்டியலில் வரவில்லை என்றால் போனை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள். வாட்ஸ்அப் குரல் பதிவு டோன் பட்டியலில் தெரியாததற்குக் காரணம் வேறு: அந்த ஃபோல்டரில் ‘இங்கே தேடாதே’ என்று ஸ்கேனருக்குச் சொல்லும் மறைகோப்பு ஒன்று இருக்கிறது. பதிவை நகலெடுத்து மேலே சொன்ன ஃபோல்டருக்குள் போட்டால் தெரியும். வைத்த பிறகு கோப்பை அழிக்கவோ இடம் மாற்றவோ கூடாது. சேனல் வைத்திருப்பது ஒலியை அல்ல, மீடியா பட்டியலில் அந்தக் கோப்பின் எண்ணை மட்டும்தான். எண் செத்தால் டோனும் போச்சு. டோனை மெமரி கார்டில் வைத்துவிட்டுக் கார்டைக் கழற்றினாலும் இதே கதிதான்.

எந்த ஒலியைத் தேர்வது என்பதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். போனின் ஸ்பீக்கர் மிகச் சிறியது. தாழ்ந்த சுருதியில் காற்றைத் தள்ள அதற்கு வலு இல்லை. தவில், பறை போன்றவற்றின் கனம் ஹெட்போனில் அருமையாகக் கேட்கும், போனில் ‘டொக்’ என்று வற்றிப்போகும். மறுபக்கம் நம் காது. அதன் துளை சுமார் 2.5 செ.மீ. நீளமுள்ள, ஒரு முனை மூடிய குழாய். புல்லாங்குழலில் காற்று ஒத்ததிர்வதுபோல் அதற்குள்ளும் ஒத்ததிரும். அந்த நீளத்துக்குக் கணக்கிட்டால் வருவது ஏறத்தாழ 3,400 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 3,400 அதிர்வு. அதனால்தான் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகள் நமக்கு எளிதில் கேட்கின்றன. வெண்கல மணி, கொலுசு, விசில் எல்லாம் கூட்டத்திலும் தனித்துக் கேட்பதன் ரகசியம் இதுதான்.

ஆனால் இந்த விதியைத் தறி ஓட்டுபவருக்கு அப்படியே சொல்லிவிட முடியாது. ஆண்டுக்கணக்கில் பெரும் சத்தத்தில் வேலை செய்தவர்களின் காது முதலில் பழுதாகும் இடம் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி. காது மருத்துவரின் கேட்புத்திறன் வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு பள்ளமாகவே தெரியும். அதாவது மற்றவர்களுக்குத் துல்லியமாகக் கேட்கும் டோன், இவர்களுக்குத்தான் கேட்காது. வயதானவர்களும் உச்சஸ்தாயி ஒலிகளையே முதலில் இழக்கிறார்கள். தாத்தாவின் போனில் பேத்தி வைத்துக் கொடுத்த கொலுசு டோன் பேத்திக்கு மட்டும் கேட்பது இதனால்தான். இவர்களுக்கு 1,000 முதல் 2,000 ஹெர்ட்ஸுக்குள் ஒலிக்கும் டோன் நல்லது. ஒற்றைச் சுரத்தைவிட மேலும் கீழுமாக இரண்டு சுரம் மாறி வருவது இன்னும் நல்லது. ஒவ்வொரு சுரமும் 0.2 நொடிக்குக் குறையக் கூடாது. அதைவிடச் சுருங்கினால் அதே ஒலி காதுக்கு மெல்லியதாகத் தோன்றும். கணினியில் செய்த சுத்தமான ‘பீப்’ எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதும் கடினம். மணி ஓசையில் பல அதிர்வெண்கள் கலந்திருப்பதால் திசை சட்டென்று தெரியும், அலமாரி மேலா பாய்க்கு அடியிலா என்று தேடி அலைய வேண்டாம்.

தறி ஓடும்போது? உண்மையைச் சொன்னால் எந்த டோனும் வெல்லாது. நாடா, அதாவது நூலைச் சுமந்து குறுக்கே ஓடும் கட்டை, அடிபடும் சத்தம் ஒரு தறியிலேயே நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல். பல தறிகள் சேர்ந்தால் ஒலி நுழைய இடைவெளியே கிடையாது. அங்கே நம்ப வேண்டியது அதிர்வைத்தான். நம் தோலின் ஆழத்தில் உள்ள அதிர்வு உணர்விகள் 200 முதல் 300 ஹெர்ட்ஸில் மிகக் கூர்மையாக இருக்கும். போன்களின் அதிர்வு மோட்டார்கள் பலவும் இதை ஒட்டிய வேகத்தில்தான் துடிக்கின்றன. சேனல் பக்கத்தில் ‘அதிர்வு’ என்பதைப் போட்டு, போனை உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள். மாட்டியிருக்கும் பையில் வைத்தால் உணர முடியாது. வீட்டில் மேசை மேல் வைப்பவர்கள் எவர்சில்வர் தட்டில் வைத்துப் பார்க்கலாம், அதிர்வைத் தட்டே ஒலியாக மாற்றிக் கொடுக்கும்.

டோன் சரி, சேனலும் சரி, இருந்தும் சத்தமில்லை என்றால் ஒலியளவைப் பாருங்கள். பல போன்களில் ரிங்டோனுக்கும் அறிவிப்புக்கும் நீண்ட காலம் ஒரே ஒலியளவுதான் இருந்தது. கூகுள் இரண்டையும் பிரித்தது 2023-ல் வந்த ஆண்ட்ராய்ட் 14-ல். சாம்சங்கில் அதற்கு முன்பே தனித்தனி. அழைப்பு முழங்குகிறதே என்று அறிவிப்பு அளவைப் பார்க்காமல் விட்டுவிடுவார்கள். போன் வைப்ரேட் நிலையில் இருந்தால் எந்தச் சேனலின் ஒலியும் வெளியே வராது, அலாரம் தவிர.

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் கதையே வேறு. மலையின் மறைவில் சிக்னல் அறுந்து அறுந்து வரும். அறுந்த நேரத்தில் அனுப்பிய எஸ்எம்எஸ் தொலைவதில்லை. நிறுவனத்தின் எஸ்எம்எஸ் மையம் அதைச் சேமித்து வைத்து, போன் மறுபடி தொடர்புக்கு வந்ததும் அனுப்பும். வளைவு திரும்பியதும் வாட்ஸ்அப்பில் பத்து மெசேஜ் மொத்தமாகக் கொட்டினாலும் கேட்பது ஓர் ஒலிதான். ஒரு நொடிக்குள் ஓர் ஆப் ஒருமுறைக்கு மேல் ஒலி எழுப்ப ஆண்ட்ராய்ட் 8.1 முதல் அனுமதி இல்லை. எனவே ஒலியை எண்ணி மெசேஜை எண்ணாதீர்கள்.

தமிழில் எஸ்எம்எஸ் எழுதுபவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு எஸ்எம்எஸ்ஸில் ஆங்கிலம் 160 எழுத்து பிடிக்கும்; தமிழுக்கு வழக்கமாகக் கிடைப்பது 70 குறியீடுகள். கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறியீடு. ‘ஏற்காடு’ நம் கண்ணுக்கு 4 எழுத்து, போனின் கணக்கில் 7. அளவு 70-ஐத் தாண்டினால் மெசேஜ் 67 குறியீடுகள் கொண்ட துண்டுகளாக உடைந்து போகும். மறுமுனைப் போன் எல்லாத் துண்டும் வந்து சேரும்வரை மெசேஜைக் காட்டாது, டோனையும் ஒலிக்காது. மூன்று துண்டில் இரண்டு வந்து சிக்னல் அறுந்தால், மூன்றாவது வரும்வரை போன் மௌனமாகத்தான் இருக்கும். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவர்களுக்கு ‘லாரி கிளம்பிவிட்டது’ என்று சொல்ல வேண்டுமானால் அதை மட்டும் அனுப்புங்கள். நலம் விசாரிப்பை அடுத்த மெசேஜில் வைத்துக்கொள்ளலாம்.