ஓ.ஏ.பி. பணம்: தகுதி இருந்தும் ஏன் காத்திருக்க வேண்டியிருக்கிறது?

"மனு சரியாத்தான் இருக்கு, ஆனா இப்போ இடம் காலி இல்லையே." ஓ.ஏ.பி. எனப்படும் முதியோர் உதவித்தொகைக்கு அலைபவர்கள் தாலுகா அலுவலகத்தில் கேட்கும் பதில் இது. கேட்பவருக்கு இழுத்தடிப்பாகத்தான் படும். சில சமயம் இழுத்தடிப்பேதான். ஆனால் பல சமயம் அந்த 'இடம்' எத்தனை என்பதை முடிவு செய்வது பட்ஜெட்.

முதலில் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியம் வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கானது. 60 முதல் 79 வயது வரை மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். 80 வயதிலிருந்து 500. தமிழக அரசு 2023-ல் உதவித்தொகையை 1,000-லிருந்து 1,200 ஆக்கியது. அந்தக் கணக்குப்படி, 65 வயதுப் பாட்டி ஒருவர் வாங்கும் 1,200-ல் டெல்லியின் பங்கு 200, மீதி 1,000 சென்னையுடையது. அந்த 200 ரூபாய் 2006-ல் நிர்ணயித்தது. அப்போது அது ஒரு தொகை. இன்று ஒரு வாரத்துக் காய்கறிக்கே காணாது.

தொகையைவிடப் பெரிய சிக்கல் எண்ணிக்கை. மத்தியத் திட்டத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை பேர் என்று உச்சவரம்பு உண்டு. நாடு முழுக்க முதியோர் ஓய்வூதியத்துக்கு அது சுமார் 2.21 கோடி. இதற்கு அடிப்படை 2001 மக்கள்தொகைக் கணக்கும் பழைய வறுமை மதிப்பீடும்தான். அதன்பின் முதியோர் எண்ணிக்கை எவ்வளவோ கூடிவிட்டது. ஆனால் முதியோர், விதவையர், மாற்றுத்திறனாளிகள் எல்லோருக்குமான தேசிய சமூக உதவித் திட்டத்துக்கு 2024-25, 2025-26 இரண்டு பட்ஜெட்டிலும் ஒதுக்கியது ஒரே தொகை: 9,652 கோடி. ஒதுக்கீடு அப்படியே நின்றால் புதிய ஆளுக்கு இடம் வருவது எப்படி? பட்டியலில் ஒருவர் இறக்க வேண்டும், அல்லது நீக்கப்பட வேண்டும். கொடுமையான கணக்குதான். உச்சவரம்புக்கு மேல் சேர்ப்பவர்களுக்கு மாநிலம் தன் பணத்திலிருந்து முழுத் தொகையும் தர வேண்டும்; அதற்கும் ஓர் எல்லை வைக்கிறது.

இ-சேவை மையத்தில் போடும் மனு வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் வழியாகத் தனி வட்டாட்சியரிடம் போகும். விசாரணை அறிக்கை எழுதும் அதே வி.ஏ.ஓ.தான் சான்றிதழ், பட்டா, தேர்தல், வெள்ள நிவாரணம் என்று எல்லாம் பார்க்கிறார். ஆள் போதாத இடத்தில் கோப்பு தானாகவே அடியில் போய்விடும்.

ஆனால் அரசு மனம் வைத்தால் வேகம் வராமல் இல்லை. 2023 ஜூலையில் மகளிர் உரிமைத்தொகைக்கு முகாம் தொடங்கியது. செப்டம்பர் 15-ல் திட்டம் தொடங்கியபோது 1.06 கோடிப் பெண்கள் தேர்வாகியிருந்தார்கள். அங்கே பணமும் ஒதுக்கினார்கள், ஆளையும் இறக்கினார்கள். தகுதியுள்ள முதியோரை மட்டும் வரிசையில் நிறுத்துவதை 'நடைமுறைச் சிக்கல்' என்று சொன்னால் எனக்கு நம்பத் தோன்றுவதில்லை.

ஒப்புதல் ஆன பிறகும் வேலை முடிவதில்லை. வங்கி முகவர் கொண்டுவரும் கைக்கருவியில் ரேகை விழ வேண்டும். நாற்று நட்டு, களை பறித்துத் தேய்ந்த விரல்களில் அது எளிதில் விழாது.

சரி, என்ன செய்யலாம்? இ-சேவையில் தரும் ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மனு எண் அதில்தான் இருக்கும். மனு தள்ளுபடி என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 'இடம் இல்லை' என்று வாய்வார்த்தையாகச் சொன்னால், தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்துடன் தாலுகா அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு போடலாம். நம் வட்டத்துக்கு எத்தனை பேருக்கு ஒதுக்கீடு, இப்போது எத்தனை பேர் வாங்குகிறார்கள், காத்திருப்பவர்களில் நம் மனு எத்தனையாவது என்று மூன்று கேள்வி போதும். அந்தப் பதிலோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போனால், வெறும் கையோடு போவதைவிடப் பேச்சுக்கு வலு கூடும்.